கழுவியும் போகவில்லையா? கார் பெயிண்டில் தெரியும் குறையை வைத்து வழி பார்ப்போம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எங்கள் வீட்டு வாசலில் கார்கள் சேர ஆரம்பித்துவிடும். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற தாமான் (குடியிருப்பு), சுற்றிலும் பால் (ரப்பர்) மரமும் செம்பனையும்தான். எனக்குக் கடை எதுவும் கிடையாது. வருகிறவர்கள் பக்கத்துத் தோட்டத்து மாமா, அத்தை மகன், கோயிலில் தெரிந்த அண்ணன் என்று எல்லாம் பழகிய முகங்கள். காரை விட்டு இறங்கும்போதே என்ன வேலை என்று அவர்களே முடிவு செய்திருப்பார்கள்: "தம்பி, பெயிண்ட் போச்சு, காம்பவுண்ட் போட்டு நல்லா தேய்ச்சு விடு."

காம்பவுண்ட் என்பது பெயிண்டின் மேற்பரப்பை உரசி எடுக்கும் பசை. பல வருடமாகப் பார்த்ததில் சொல்கிறேன், பாதிக்கு மேல் அந்தப் பெயிண்ட் போயிருக்கவே இருக்காது. பெயிண்டின் மேல் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். அதை எடுத்தால் போதும் என்கிற இடத்தில் போய் பெயிண்டையே தேய்த்து எடுக்கிறோம்.

இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலும் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உண்டு, கிளியர் கோட் என்பார்கள். அதன் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடி ஒன்றின் கனமே 70 மைக்ரான் பக்கம் வரும். வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்வது அந்த மெல்லிய பூச்சுதான், காம்பவுண்ட் போடும் ஒவ்வொரு தடவையும் அதில்தான் கொஞ்சம் குறைகிறது, குறைந்தது திரும்பி வராது. தியரி இவ்வளவு போதும்.

ஆகவே எந்தக் குறையாக இருந்தாலும் போகிற வரிசை ஒன்றுதான்: முதலில் தண்ணீர், பிறகு கார் ஷாம்பு, பிறகு அந்த அழுக்குக்கு உரிய மருந்து, கிளே (ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் மாதிரி உருண்டை), கையால் பாலிஷ், அதுவும் போதாவிட்டால் மெஷின், கடைசியில் காருக்குப் பெயிண்ட் அடிக்கும் கடை. ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதலில் ஒழுங்காகக் கழுவிவிட்டுப் பாருங்கள்

அழுக்குக் காரில் எந்தக் குறையையும் கண்டுபிடிக்க முடியாது. காலை 9 மணிக்கு முன்னால், இல்லாவிட்டால் சாயங்காலம், நிழலில் நிறுத்தி, பானெட்டில் புறங்கை வைத்தால் சூடு தெரியாத நேரத்தில் கழுவுங்கள். இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணி காரைத் தொட்டுவிட்டு வந்தால் வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் போக வேண்டும். கூரையிலிருந்து கீழே இறங்கி வாருங்கள், டயருக்குத் தனித் துணி. செம்மண் சாலையில் ஓடும் கார் என்றால் துணி தொடுவதற்கு முன்பே பைப்பைத் திறந்து மண்ணைக் கரைத்து ஓடவிடுங்கள், சக்கர வளைவுக்குள் மறைந்திருப்பதையும் சேர்த்து.

பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். பெயிண்ட் அதனால் கரையாது, ஆனால் போட்டு வைத்த மெழுகை அது உரித்துவிடும்.

துடைத்துக் காய்ந்த பிறகு, நிழலில், கைப்பேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். இனி உங்கள் காரில் தெரிகிற குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

கழுவிய பிறகும் கை வைத்தால் மணல் மாதிரி இருக்கிறது

கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பெயிண்டை லேசாகத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். எங்கே சொரசொரக்கிறது என்பதுதான் இனி முக்கியம்.

*சக்கரத்துக்குப் பின்னால், கதவின் கீழ்ப் பகுதியில் மட்டும், கறுப்புப் புள்ளியாக:* அது தார். புதுத் தார் போட்ட சாலையில் ஓட்டியிருப்பீர்கள். தார் எடுக்கும் மருந்து கடையில் கிடைக்கும், இல்லையென்றால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு நிமிடம் வைத்தால் இளகி வந்துவிடும். உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தின்னரை எடுக்கவே எடுக்காதீர்கள், மறுபெயிண்ட் அடித்த கதவாக இருந்தால் தாரோடு நிறமும் சேர்ந்து வரும்.

*ஆரஞ்சு நிறக் குட்டிப் புள்ளி, வெள்ளைக் காரிலும் வெள்ளிக் காரிலும் பளிச்சென்று தெரிகிறது:* இரும்புத் தூள். பிரேக்கிலிருந்தும் வரும். எங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி பார்க்கிற காரணம் வேறு. வீட்டுக்குக் கிரில் போட ஆள் வருவார், போர்ச்சில் வைத்தே கிரைண்டர் போட்டு அறுப்பார், பொறி பறந்து பக்கத்தில் நிற்கும் காரில் ஒட்டும், இரண்டு மழைக்குப் பிறகு அத்தனையும் துருப் பிடிக்கும். "கார் முழுக்கத் துரு" என்று அழாத குறையாக ஒரு அக்கா வந்தார், புதுக் கார், எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இரும்பு நீக்கி என்று ஒரு ஸ்பிரே இருக்கிறது, குளிர்ந்த பெயிண்டில் அடித்தால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி ஒழுகும். நாற்றம் அழுகிய முட்டை மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அந்த அக்காவின் காருக்கு இரண்டு தடவை அடித்தோம், முழுதும் போய்விட்டது.

*கூரை, பானெட் எல்லாம் ஒரே சீராக:* சாம்பல், தூசு, இல்லையென்றால் குவாரித் தூள். ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலை உடைக்கும் இடங்களைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிறவர்களின் கார்களில் இது கட்டாயம் இருக்கும். 2015-லும் 2019-லும் புகைமூட்டம் வந்த நாட்களில் எல்லார் காரிலும் இருந்தது. சாம்பலும் தூசும் இரண்டு ஷாம்பு கழுவலில் போகும். சுண்ணாம்புத் தூள் மழையில் நனைந்து இறுகியிருந்தால் அடுத்த தலைப்பில் சொல்லும் வினிகர் முறை.

இவையெல்லாம் செய்த பிறகும் சொரசொரப்பு மிச்சம் இருந்தால்தான் கிளே. மாவு உருண்டை மாதிரி இருக்கும் அதில் பாதியைப் பிய்த்துத் தட்டையாக்கி, ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, பக்கவாட்டில் நேர்க்கோடாக வழுக்க விடுங்கள், அழுத்த வேண்டாம். முதலில் கரகரவென்று சத்தம் வரும், பிறகு சத்தம் நின்று வழுக்கும், அப்போது அந்த இடம் முடிந்தது. அடிக்கடி மடித்துப் புது முகம் எடுங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் எவ்வளவு புதிதாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய ஒரே ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கோடு போட்டுவிடும். கிளே போட்ட பிறகு பெயிண்ட் வெற்றுடம்பாக நிற்கும், அன்றைக்கே மெழுகு போட வேண்டும்.

*கடைக்குப் போகும் கட்டம்:* பக்கத்தில் யாரோ பெயிண்ட் அடித்து அதன் துளி கார் முழுக்கப் படிந்திருந்தால், அல்லது சிமெண்ட் தெறித்து இறுகிப் போயிருந்தால். நகத்தால் சுரண்டாதீர்கள், அப்படியே கொண்டு போங்கள்.

வெள்ளை வட்டம் வட்டமாகத் தண்ணீர்க் கறை

கார் காய்ந்ததும் சொட்டு நின்ற இடத்தில் வளையம் தெரியும். கறுப்புக் காரில் மனசு நொந்துவிடும்.

எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று முதலில் யோசியுங்கள். குழாய்த் தண்ணீரில் வந்த கறை லேசாக இருக்கும். கிணறு, ஆழ்துளைத் தண்ணீர் என்றால் உப்பும் இரும்பும் கூடுதலாக இருக்கலாம், வளையம் பழுப்பாகக்கூட வரும். தோட்டத்து மாமா ஒருவர் காரை வாராவாரம் கிணற்றடியில் நட்ட நடு மத்தியானத்தில் கழுவி, காற்றில் காயவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். அவ்வளவு பாசமாகக் கழுவிக் கழுவியே கண்ணாடி வரைக்கும் கறை ஏற்றி வைத்திருந்தார். தண்ணீர் கெட்டதா என்பதைவிட அது பெயிண்டின் மேல் காய்ந்ததா என்பதுதான் கேள்வி.

1. ஷாம்பு போட்டுக் கழுவி உடனே துடைத்துப் பாருங்கள். நேற்று வந்த கறை இதிலேயே போகும்.

2. போகவில்லையென்றால் வெள்ளை வினிகர், கடையில் சூக்கா என்று கேட்டால் தருவார்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் சரிபாதி கலந்து, துணியை நனைத்துக் கறையின் மேல் ஒன்றிரண்டு நிமிடம் போர்த்தி வையுங்கள். நிழலில் மட்டும். எடுத்ததும் ஷாம்பு போட்டு அலசுங்கள். குவாரிச் சுண்ணாம்பும் இதில் கரையும்.

3. வினிகருக்குப் பிறகும் வளையம் தெரிந்தால் விரலால் தடவுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் இன்னும் உப்பு இருக்கிறது, வினிகரை மறுபடி வையுங்கள். தடவினால் ஒன்றுமே தெரியவில்லை, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால் கறை கிளியர் கோட்டை அரித்து உள்ளே இறங்கிவிட்டது. இனி பாலிஷ்தான். மெல்லிய பாலிஷை ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு வைத்து ஓர் இடத்தில் மட்டும் கையால் தேய்த்துப் பாருங்கள்.

4. கையால் தேய்த்தும் வளையத்தின் விளிம்பு நிற்கிறதா? கடைக்குப் போங்கள். போனதும் "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று கேட்காதீர்கள், எடுக்கக்கூடிய அளவுக்கு எடுங்கள் என்று சொல்லுங்கள். ஆழமான வளையத்தை முழுசாக எடுக்கப் போனால் அங்கே கிளியர் கோட் மெலிந்துவிடும், சில வருடத்தில் அந்த இடம்தான் முதலில் உரியும்.

ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன் விளக்கடியில் சிலந்தி வலை மாதிரி கீறல்

என்னிடம் அதிகம் வருவது இதுதான். பகலில் பளபளப்பாக இருக்கும் கார், விளக்கு ஒன்றின் கீழே நின்றால் வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக நூல் கீறல். மழை இதைச் செய்யாது, வெயிலும் செய்யாது. கை வைத்த யாரோதான் செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் கழுவும்போது.

என் அத்தை மகனின் கறுப்பு மைவி கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை தவறாமல் ஒரு கார் வாஷில் விடுவான். ஒருநாள் நானும் கூடப் போய் உட்கார்ந்து பார்த்தேன். டயரைத் தேய்த்த அதே ஸ்பாஞ்ச் கதவுக்கு வந்தது, துணி கீழே விழுந்தது, எடுத்து உதறிவிட்டுப் பானெட்டைத் துடைத்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வெயிலில் பத்துப் பதினைந்து கார் வரிசையில் நின்றது. ஆனால் அந்தச் சனிக்கிழமைகள் எல்லாம் சேர்ந்துதான் அவனுடைய காரில் வலையாக நின்றன.

காரணங்களை எளியதிலிருந்து பாருங்கள். காய்ந்த தூசியை இறகுத் துடைப்பத்தாலோ பழைய பனியனாலோ தட்டுகிறீர்களா? இன்றே நிறுத்துங்கள். ஒரே வாளியில் கழுவுகிறீர்களா? மேலே சொன்னபடி இரண்டாக்குங்கள். துடைக்கும் துணி பழையதா, துவைக்கும்போது சட்டையோடு சேர்த்துப் போட்டீர்களா, துணியில் நிறுவனச் சீட்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சீட்டின் விளிம்புகூடக் கோடு போடும். இதையெல்லாம் திருத்தாமல் பாலிஷ் போட்டால் இரண்டே மாதத்தில் பழைய கதைதான், இடையில் கிளியர் கோட் குறைந்தது மட்டும் மிச்சம்.

திருத்திய பிறகு மூன்று வழி இருக்கிறது.

கீறல் லேசு, கார் தினசரி ஓட்டத்துக்கு என்றால் கீறலை நிரப்பி மறைக்கும் மெழுகு போட்டால் போதும். ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி தெரியும், மறுபடி போடலாம். இதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயிண்டைத் தொடாமல் காரை அழகாக வைத்திருக்க நல்ல வழி இது.

கொஞ்சம் கூடுதல் என்றால் கையால் பாலிஷ். ஒரு கதவுக்கே தோள் வலிக்கும், கீறல் முழுதாகப் போகாது, ஆனால் வெளிச்சம் மாறும்.

மூன்றாவது மெஷின். வீட்டில் வைத்துச் செய்வதென்றால் ஆடிக்கொண்டே சுற்றும் டிஏ மெஷின் மட்டும். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி கை பழகியவருக்கு உரியது, கதவு விளிம்பிலும் பானெட் மடிப்பிலும் அது ஒரு நொடி நின்றால் சூடேறிப் பெயிண்டைத் தின்றுவிடும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் மாமாவின் பழைய இஸ்வாரா காரில், பின்பக்கப் பூட் மூலையில் அப்படி ஒரு வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது. மாமா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம். அதனால் விளிம்பு எல்லாவற்றுக்கும் பேப்பர் டேப் ஒட்டுங்கள், கறுப்புப் பிளாஸ்டிக்கையும் மூடுங்கள். பானெட்டில் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை எடுத்து, மிக மெல்லிய பாலிஷும் மெத்தென்ற பஞ்சும் வைத்து முதலில் முயலுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து துடைத்துவிட்டு டார்ச் அடியுங்கள், பாலிஷ் எண்ணெய் கீறலை மறைத்திருந்தால் இப்போது வெளியே வரும். திருப்தி என்றால் கார் முழுவதும் அதே சேர்க்கைதான், அதைவிடக் கடுமையான பாலிஷுக்கு ஏற வேண்டிய அவசியம் இல்லை.

*கடைக்குப் போகும் கட்டம்:* கார் கை மாறி வந்தது, இதற்கு முன் எத்தனை தடவை பாலிஷ் போட்டார்கள் என்று தெரியவில்லை. நல்ல கடையில் பெயிண்டின் கனம் அளக்கும் மீட்டர் இருக்கும். தொழிற்சாலைப் பெயிண்ட் மொத்தமாகப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும், 300, 400 என்று ஏறினால் மறுபெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அடியில் பள்ளம் நிரப்பும் புட்டியும் இருக்கலாம் என்று பொருள். மீட்டர் வைக்காமலே ரோட்டரியைக் கையில் எடுக்கும் கடையில் காரை விடாதீர்கள்.

பறவை எச்சம், மாமரத்துப் பிசுபிசுப்பு

எங்கள் பக்கத்துப் பட்டணங்களில் சாப்பிடும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கடைமாடிகள் நிறைய. அதன் கீழே நிறுத்தினால் அரை மணி நேரத்தில் கூரை புள்ளி போட்ட சேலை மாதிரி ஆகிவிடும். எச்சம் அமிலம், அதோடு வெயிலில் பெயிண்ட் இளகும்போது அது காய்ந்து இழுத்துப் பிடிக்கும், அப்படித்தான் பள்ளம் விழுகிறது.

காய்ந்ததைத் துடைக்காதீர்கள், உள்ளே விதையும் மணலும் இருக்கும். டிஷ்யூவை நன்றாக நனைத்து மேலே வைத்து ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அள்ளி எடுங்கள். காரில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் டிஷ்யூவும் எப்போதும் வைத்திருப்பது எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் மெழுகையும்விட மேல். எடுத்த பிறகு மங்கலான தழும்பு இருந்தால், ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள், சில தழும்பு தானாகக் குறையும். குறையாவிட்டால் கையால் பாலிஷ். தழும்பில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தால் பாலிஷ் வேண்டாம், அது பெயிண்ட் கடை வேலை.

மாமரத்தடியில் நிறுத்தினால் வரும் பிசுபிசுப்பு மரத்துப் பிசின் இல்லை, இலையில் இருக்கும் பூச்சி விடுகிற இனிப்பு நீர். வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரிலேயே போய்விடும். இரண்டு வாரம் விட்டுவைத்தால் அதன் மேல் கறுப்புப் பூசணம் பிடிக்கும்.

பூசை போட்ட பிறகு பானெட்டில் மஞ்சளும் சிவப்பும்

புது வண்டிக்குப் பூசை போடாமல் நம்மால் ஓட்ட முடியாது, போடுங்கள். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியில் வைத்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பானெட்டில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அதற்கு முந்தின நாளே மெழுகு போட்டு வையுங்கள்.

திருநீறும் குங்குமமும் தூள், காய்ந்த துணியால் துடைத்தால் கீறும். தண்ணீர் விட்டுக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளைக் காரில் மஞ்சள் நிறம் தங்கிவிட்டதா? ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்துங்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும், இரண்டு மூன்று நாளில் தெரியாது. இதற்காகக் காம்பவுண்ட் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும், வேதனையாக இருந்தது. குங்குமச் சிவப்பு சாயம் கலந்ததாக இருந்தால் அவ்வளவு எளிதில் போகாது. ஆல்கஹால் கலந்த தண்ணீரைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள், பிறகு கையால் மெல்லிய பாலிஷ். டயரடியில் நசுங்கிய எலுமிச்சம்பழச் சாறு பம்பரில் தெறித்திருக்கும், அன்றைக்கே கழுவுங்கள்.

பிக்கப் பின்கதவில் ரப்பர் பால், செம்பனை எண்ணெய்

சொந்தமாக இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் ஒட்டுப்பாலை (உறைந்த ரப்பர் பாலை) பிக்கப்பில் ஏற்றிப் போவார்கள். அதிலிருந்து வடியும் தண்ணீரில், பாலை உறைய வைக்கப் போட்ட அமிலமும் கலந்திருக்கும். பால் கறையைவிட அந்தத் தண்ணீர்தான் பெயிண்டுக்கு எதிரி. விற்றுவிட்டு வந்த கையோடு பின்கதவு இடுக்கு, நம்பர் பிளேட் சுற்று எல்லாவற்றிலும் தண்ணீர் அடியுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.

காய்ந்த பாலை விரலால் உருட்டினால் பெரும்பாலும் ரப்பராகவே உருண்டு வரும். பிடிவாதமாக நிற்பதற்கு மண்ணெண்ணெய்த் துணியை இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள், ரப்பர் ஊதி இளகும், பிறகு பிளாஸ்டிக் அட்டையால் தள்ளலாம். கதவு ஓர ரப்பரில் மண்ணெண்ணெய் படக்கூடாது, அதுவும் ஊதிவிடும்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போய் எண்ணெய் தெறித்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்புவும் போதும். அதன் மேல் செம்மண் ஒட்டுவதற்குள் செய்ய வேண்டும், ஒட்டிய பிறகு தேய்த்தால் அதுவே உப்புத்தாள்.

நிறம் மங்கிச் சுண்ணாம்பு பூசின மாதிரி

ஈரமான வெள்ளைத் துணியில் (வெள்ளைக் கார் என்றால் கறுப்புத் துணியில்) துளி பாலிஷ் வைத்து ஒரு மூலையைத் தேய்த்துத் துணியைப் பாருங்கள்.

துணியில் கார் நிறம் ஒட்டினால் அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பெயிண்ட், மேலே செத்த அடுக்குதான் மங்கியிருக்கிறது. நல்ல செய்தி இது. கையால் பொறுமையாகப் பாலிஷ் போட்டால் உள்ளே இருக்கும் நிறம் மேலே வரும், பழைய சிவப்புக் கார் ஒன்று இரண்டு மணி நேரத்தில் உயிர் பெறுவதைப் பார்க்கும் சந்தோஷமே தனி. உடனே மெழுகு போட்டு மாதம் ஒருமுறை தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மங்கும்.

துணியில் நிறம் ஒட்டாவிட்டால் கிளியர் கோட் உண்டு. மங்கல் சீராக இருக்கிறதா, மெல்லிய பாலிஷ் போட்டுப் பாருங்கள். தேமல் மாதிரி திட்டுத் திட்டாக வெள்ளை, அதன் ஓரம் செதிலாக எழும்புகிறது என்றால் கிளியர் கோட் உரிகிறது. கூரையிலும் பானெட்டிலும்தான் தொடங்கும். அங்கே கிளே, பாலிஷ், மெழுகு எதுவும் உதவாது. தேய்க்கத் தேய்க்கத் திட்டு பெரிதாகும், ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பி வரும். அந்தப் பாகத்துக்கு மட்டும் மறுபெயிண்ட் அடிக்க என்ன விலை என்று இரண்டு கடையில் கேளுங்கள். பணம் சேரும்வரை நிழலில் நிறுத்துங்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். மறுபெயிண்ட் அடித்த பிறகு குறைந்தது 30 நாள் மெழுகு போடக்கூடாது, புதுப் பெயிண்டுக்குள்ளிருந்து ஆவி வெளியே போக வழி வேண்டும். சரியாக எத்தனை நாள் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மெழுகு போட்டும் தண்ணீர் உருண்டு ஓடவில்லை, அல்லது திட்டுத் திட்டாகத் தெரிகிறது

திட்டு என்றால் அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்கிறீர்கள், அல்லது சூடான பெயிண்டில் போட்டிருக்கிறீர்கள். அதே மெழுகை இன்னும் கொஞ்சம் மெல்லியதாகத் தடவி உடனே சுத்தத் துணியால் துடைத்தால் பழையதும் இளகி வந்துவிடும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஏறிய வெள்ளைக்குப் பழைய பல்துலக்கியும் ஷாம்புத் தண்ணீரும்.

தண்ணீர் உருளவில்லையென்றால் மெழுகு போய்விட்டது என்று அவசரப்படாதீர்கள். மேலே அழுக்குப் படலம் அடைத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும், செராமிக் கோட்டிங் என்கிற கெட்டியான பாதுகாப்புப் பூச்சு போட்ட காரிலும்கூட. ஒரு தடவை நன்றாக ஷாம்பு, ஒரு தடவை இரும்பு நீக்கி, பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உருண்டால் பிரச்சினை தீர்ந்தது. இன்னும் தட்டையாகப் படர்ந்தால் மறுபடி போட வேண்டிய காலம் வந்துவிட்டது. எங்கள் வெயிலிலும் மழையிலும் கார்னவுபா மெழுகு எனக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் நிற்கிறது, சீலண்ட் (மெழுகுக்குப் பதிலாகப் போடும் செயற்கைப் பூச்சு) மூன்று நான்கு மாதம். வெளியே நிற்கும் காருக்குச் சீலண்டே போதும் என்பது என் கருத்து. செராமிக் கோட்டிங் கீறலை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கழுவுவதைச் சுலபமாக்கும், எச்சம் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அதற்கு மேல் இல்லை.

ஒற்றைக் கீறல், பெயிண்டுக்கு அடியில் கொப்புளம்

நகத்தைக் கீறலின் குறுக்கே ஓட்டுங்கள். மாட்டவில்லையென்றால் கையால் பாலிஷ் போதும். மாட்டினால் பாலிஷ் போடாதீர்கள். உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் அது அடிப்பூச்சு, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைப் பார்த்து அதே நிறப் பெயிண்ட் உள்ள டச்சப் பேனா வாங்கி, கடுகு கடுகாக வைத்துக் காயவிடுங்கள். பளபளக்கும் தகரம் தெரிந்தால் அன்றைக்கே வையுங்கள், நம் ஈரக் காற்றில் துரு காத்திருக்காது.

பெயிண்ட் கொப்புளமாக எழும்பி, அழுத்தினால் பொருபொருவென்று இருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது. சக்கர வளைவு, பூட் விளிம்பு, கதவின் அடி விளிம்பு, இந்த மூன்று இடத்தையும் குனிந்து பாருங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை மண்ணால் அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள், அது உங்கள் வேலை. கொப்புளத்தை உடைப்பது உங்கள் வேலை இல்லை. உடைத்துப் புட்டி வைத்து மேலே ஸ்பிரே அடித்த கார்களைப் பார்த்திருக்கிறேன், அடுத்த தீபாவளிக்கு அதே இடத்தில் இரண்டு மடங்காக வந்து நின்றன. தகரத்தை வெட்டி ஒட்டத் தெரிந்த கடைக்குக் கொண்டுபோய், உள்ளே எவ்வளவு தூரம் தின்றிருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லிவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.